யோகத்தை மேற்குக்குக் கொண்டுபோனவர் யார்? கண்டி வீதியால் வந்த பதில்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் பழைய மாணவர் எழுதியிருக்கிறார்: "சேர், யூன் 21 யோகா தினத்துக்கு என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கினம். யோகத்தையும் தியானத்தையும் மேல்நாட்டுக்குக் கொண்டுபோன இந்தியக் குரு ஆர்? ரொறன்ரோவில் யோகா ரீச்சருக்குப் படிக்கிற மச்சாள் யோகானந்தர் எண்டுறா. அதிபர் விவேகானந்தர் எண்டுறார். அம்மம்மாவைக் கேட்டால் ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு யோகர் சுவாமி எண்டுறா. ஆரின்ர கதையைப் பேசுறது? எங்கட வன்னிக்கும் இதுக்கும் ஏதும் தொடுப்பு இருக்கோ?" பதாகையின் மாதிரிப் படமும் கூடவே வந்திருக்கிறது.

தம்பி, மூன்று பேர் சொன்னதும் சரிதான். யோகம் என்ற ஒரு சொல்லுக்குள் மூவரும் வேறு வேறு சாமான்களை வைத்துக்கொண்டு கதைக்கிறார்கள், அவ்வளவுதான். மச்சாளுக்கு அது ஆசனமும் மூச்சும். அதிபருக்கு வேதாந்தம். அம்மம்மாவுக்குச் சும்மா இருக்கிறது. மேற்குக்குப் போன வரிசையும் நாங்கள் நினைக்கிற வரிசை இல்லை. உடம்பை வளைக்கிற பயிற்சிதான் முதலில் போயிருக்கும் என்று நினைப்போம். அது கடைசியாகத்தான் கப்பலேறியது.

விவேகானந்தர் 1893 செப்டெம்பர் 11இல் சிக்காகோ சர்வமத மகாசபையில் பேசியதை எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். அவரைக் கப்பலேற்றக் காசு சேர்த்தது யார் என்பதை அவ்வளவாகச் சொல்லாது. சென்னையில் ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த காசு அது. இராமநாதபுரத்து அரசர் பாஸ்கர சேதுபதியும் பக்கபலமாக நின்றவர். ஒரு வாத்தியார் தண்டின காசில் நடந்த பயணம் என்பதை, நானும் வாத்தியார் என்ற கெறுவில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளும்.

சிக்காகோ மேடையில் அவர் யோகம் படிப்பிக்கவில்லை. 1895–96 மாரிகாலத்தில் நியூயோர்க்கில் வகுப்பு வைத்துத்தான் இராஜயோகத்தைச் சொல்லிக் கொடுத்தார். பதஞ்சலி சூத்திரங்களும் அவற்றுக்கு அவர் சொன்ன விளக்கமும் சேர்ந்து அது 1896இல் புத்தகமாக வந்தது. மனதை ஒரு இடத்தில் நிறுத்துவது, மூச்சை ஒழுங்குபடுத்துவது, தியானத்தில் இருப்பது: அவர் கொண்டுபோன யோகம் அதுதான். ஆசனங்களை அடுக்கிச் செய்கிற ஹடயோகத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. ஆலமரம் சிலவேளை 5000 வருடமும் நிற்கும், ஆனாலும் அது ஆலமரம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கனகாலம் உயிரோடு இருக்கிற மனிதனும் அப்படித்தான், நல்ல சுகத்தோடு இருக்கிற ஒரு விலங்கு என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அதற்கு முன்னால் நாங்கள் பாய் விரித்துக் குனிந்து நிமிர்கிறோம். மனிதர் பார்த்தால் சிரித்திருப்பார்.

இனி உம்முடைய வன்னிக் கேள்வி. மேற்கிலிருந்து திரும்பியவர் 1897 ஜனவரி 15இல் முதலில் கால் வைத்தது கொழும்பில். பிறகு கண்டி. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாக வெளிக்கிட்டார். வடக்குக்கு ரயில் 1905இல்தான் முழுதாக ஓடத் தொடங்கியது. அப்போது குதிரை வண்டிதான். தம்புள்ளை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், இறக்கத்தில், வண்டியின் முன் சில்லொன்று நொறுங்கிப்போய் மூன்று மணித்தியாலம் நடுவழியில் நின்றார்கள். பிறகு மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்த அனுராதபுரத்தில் வெள்ளரச மரத்தடியில் வழிபாடு பற்றிப் பேச எழும்ப, ஒரு கூட்டம் மேளமும் தகரமும் தட்டி அந்தப் பேச்சை நடக்கவிடவில்லை. அவர் பேச்சை நிறுத்தி, தன் பக்கத்து ஆட்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னதால் அடிபிடி வராமல் முடிந்தது.

அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு 120 மைல். பாதை மோசம், குதிரைகள் அதைவிட மோசம் என்று பயணக் குறிப்பு சொல்கிறது. வவுனியாவில் ஊர்ச் சைவர்கள் மறித்து வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். சுருக்கமாக மறுமொழி சொல்லிவிட்டுக் காட்டுப் பாதையால் தொடர்ந்தார். விடியற்காலையில் ஆனையிறவில் இன்னொரு வரவேற்பு. சிக்காகோவிலும் லண்டனிலும் கைதட்டல் வாங்கின மனிதர் இரவிரவாக எங்கள் காட்டுக்குள்ளால் குலுங்கிக்கொண்டு போயிருக்கிறார். நாங்கள் இப்போது முறிகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிற வழி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும். சிக்காகோ அவர்களுக்குத் தூரம். வவுனியா தூரமில்லை.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றி அவர் பேசினபோது, விடயம் மிகப் பெரிது, நேரமோ குறைவு என்றுதான் தொடங்கினார். அந்தக் கூட்டத்தில் மாவிட்டபுரத்தில் பிறந்த 24 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார் என்பது அடியார் வழியாக வந்த கதை. அந்த முதல் வரியை அவர் பிறகு பலகாலம் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருப்பாராம். உம்முடைய அம்மம்மா சொல்கிற யோகர் சுவாமி அவர்தான்.

அவர் சாமியாவதற்கு முன்னம் எங்கள் ஆள் என்றே சொல்லலாம். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் ஸ்ரோர் கீப்பர் வேலை. பகலில் மண்வெட்டிக்கும் அலவாங்குக்கும் கணக்கு, இரவில் தியானம். இரணைமடுக் குளம் எழும்பின காலத்து ஆட்களில் ஒருவர். 1905இல் நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்டார். "யாரடா நீ" என்று கிழவர் அதட்டின அதட்டலோடு கொஞ்சக் காலத்தில் உத்தியோகமும் போய்விட்டது, சம்பளமும் போய்விட்டது. "எப்பவோ முடிந்த காரியம்", "நாம் அறியோம்", "முழுதும் உண்மை", "ஒரு பொல்லாப்புமில்லை" என்று எங்கள் வீடுகளில் சாவீட்டிலும் சந்தோசத்திலும் சொல்கிற நாலு வாக்கியமும் அந்தத் தேரடியில் இருந்து வந்தவை.

யோகர் சுவாமி மேற்குக்குப் போகவேயில்லை. மேற்குத்தான் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் அவர் இருந்த கொட்டிலுக்கு வந்தது. இலங்கையின் மகா தேசாதிபதியாக இருந்த சோல்பரிப் பிரபுவின் சொந்த மகனே வந்து சீடராகி, சந்தசுவாமி ஆனார். 1949இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பலே நடனக்காரர் வந்தார். 22 வயது. அவருக்குச் சுப்பிரமுனிய என்று பெயர் வைத்து, முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டு, இது அமெரிக்காவில் கேட்கும் என்று சொல்லி அனுப்பினாராம் சுவாமி. அந்த அறையின் கதையை அவர்களுடைய மடத்தார் இன்றைக்கும் சொல்வார்கள். கேட்கத்தான் செய்தது. 1957இல் சான் பிரான்சிஸ்கோவில் முருகனுக்குக் கோயில் வைத்தார். 1970இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் மடம் அமைத்தார். திருமந்திரத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர வைத்தார். அங்கே 'இறைவன் கோயில்' என்ற பெயரில் கருங்கல்லில் எழுந்த சிவன் கோயிலுக்குப் பெங்களூர்ப் பக்கம் தமிழ்ச் சிற்பிகள் கையாலேயே கல் செதுக்கி, கப்பலில் கொண்டுபோனார்கள். கும்பாபிசேகம் நடந்தது 2023இல். அந்த வேலையைத் தொடக்கிவைத்த சுப்பிரமுனிய சுவாமி அதைப் பார்க்க இருக்கவில்லை, 2001இலேயே போய்விட்டார். கிளிநொச்சி ஸ்ரோருக்கும் பசிபிக் கடலுக்கும் இடையில் இப்படி ஒரு கயிறு ஓடுகிறது. அம்மம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லும், அவ சொன்னது பிழையில்லை.

மச்சாளின் யோகானந்தரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவரைப் பற்றி அவ உமக்கு எப்படியும் சொல்லுவா. கோரக்பூரில் பிறந்த வங்காளி. 1920இல் பொஸ்ரனில் ஒரு சமய மாநாட்டுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். 1925இல் லொஸ் ஏஞ்சலசில் தலைமையகம். அவருடைய கெட்டித்தனம் தபால். கிரியா யோகம் என்ற தியான முறைக்கான ஆயத்தப் பாடங்களைக் கிழமைக்குக் கிழமை கடிதமாக அனுப்பினார். குருவின் காலடியில் 12 வருடம் கிடக்கவேண்டிய சங்கதி, முத்திரை ஒட்டின உறைக்குள் வந்தது. இதைக் கேட்டு முகம் சுழிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பிழை தெரியவில்லை. விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு தபால் கல்வி படித்துச் சோதனை எடுத்த தலைமுறை நாங்கள். 1946இல் வந்த அவருடைய தன்வரலாறு அவர் நேரில் போகாத வீடுகளுக்குள்ளும் போனது. 1952இல் இந்தியத் தூதுவருக்கு வைத்த விருந்தில் பேசிக்கொண்டிருக்கையில் சாய்ந்தார், அவ்வளவுதான்.

இவருக்குப் பிறகு ஏன் கனகாலம் ஒருவரும் பெரிதாகப் போகவில்லை என்று யோசித்துப் பாரும். 1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1965இல் சட்டம் மாறிக் கதவு திறந்தது. அறுபதுகளின் கடைசியில் அங்கே சாமிமார் திடீரென்று பெருகினதுக்கு ஞானத்தை மட்டும் காரணம் சொல்லக்கூடாது, விசாவும் ஒரு காரணம். இது எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத விடயம்.

அந்த இடைவெளிக்குள்தான் உடம்பு யோகம் உள்ளே வந்தது. அது போன வழி மைசூர் அரண்மனை. 1930களில் அங்கே கிருஷ்ணமாச்சாரியார் என்ற பண்டிதர் அரச குடும்பத்துப் பொடியன்களுக்கு ஆசனம் பழக்கினார். அவரிடம் பிடிவாதமாக நின்று படித்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்திரா தேவி. ரீகா நகரத்தில் பிறந்தவர், 1947இல் அமெரிக்காவுக்குப் போய், பிறகு ஹொலிவூட்டில் பள்ளி திறந்து சினிமா நட்சத்திரங்களுக்குப் படிப்பித்தார். கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் ஐயங்கார். 1952இல் வயலின் மேதை யெகுதி மெனுகின் அவரிடம் பாடம் கேட்கத் தொடங்க, அதோடு ஐரோப்பாவின் கதவு திறந்தது. இன்னொரு மாணவர் பட்டாபி ஜோயிஸ் 1975இல் கலிபோர்னியாவுக்குப் போனார். மச்சாள் படிக்கிற ஆசனங்களில் பெரும்பகுதி இந்த மூன்று பேரில் யாரோ ஒருவர் வழியாகத்தான் வந்திருக்கும்.

இதில் பலருக்குப் பிடிக்காத ஒரு உண்மையும் உண்டு. இன்றைக்குப் பாயில் நின்று வரிசையாகச் செய்கிற எல்லாமே ஆதிகாலத்து முனிவர் செய்தது இல்லை. மகாராஷ்டிரத்து ஔந்த் சமஸ்தான அரசர் சூரிய நமஸ்காரத்தைத் தேகப்பயிற்சியாக ஊரெல்லாம் பரப்பினது 1920களில். மைசூர் அரண்மனையிலும் ஆசனப் பாடமும் தேகப்பயிற்சிப் பாடமும் அக்கம்பக்கமாகத்தான் நடந்தன. 5000 வருடக் கணக்கை மேடையில் சொல்லவேண்டாம் தம்பி. யாராவது கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்கிக் கேட்டால் மாட்டுப்படுவீர்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை என்று ஒரு ஊர். கோரைப் பாய்க்குப் பேர்போனது. அந்த ஊரில் 1887இல் பிறந்த குப்புசாமி வைத்தியம் படித்து, மலாயாத் தோட்டங்களில் கூலிச் சனத்துக்கு மருந்து கொடுத்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசம் போய்ச் சிவானந்தர் ஆனார். அவரும் மேற்குக்குப் போகவில்லை. சீடர்களை அனுப்பினார். பாய்க்காரர் ஊரில் பிறந்தவரின் சீடர்கள் போய்த்தான் வெள்ளைக்காரரை ஆயிரக்கணக்கில் பாய் விரிக்க வைத்தார்கள் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

அந்தச் சீடர்களில் விஷ்ணுதேவானந்தர் 1959இல் மொன்றியலில் நிலையம் திறந்தார். யோகா ஆசிரியர் பயிற்சி என்று ஒழுங்காகப் பாடத்திட்டம் வைத்து மேற்கில் முதலில் நடத்தியவர்களில் அவரும் ஒருவர். மச்சாளுக்கு இதைச் சொல்லிவிடும். அவ கட்டுகிற பீசுக்கு ஒரு தமிழ்த் தாத்தா முறை இருக்கிறது.

மற்றவர் சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்துக் கவுண்டர் வீட்டுப் பிள்ளை. 1953இல் சிவானந்தர் அவரை இலங்கைக்கு அனுப்பினார். திருகோணமலையிலும் கண்டியிலும் 13 வருடம் நின்று படிப்பித்தார். 1966இல் கொஞ்ச நாளைக்கென்று நியூயோர்க் போனவரை அங்கத்தைய இளசுகள் விடவில்லை. 1969 ஓகஸ்ட்டில் வூட்ஸ்டொக் இசை விழா. வயல்வெளியில் லட்சக்கணக்கான சனம், மழை, சேறு. அந்த மேடையில் காவியோடு சம்மணம் கட்டி உட்கார்ந்து தொடக்க உரை சொன்னவர், மூன்று வருடத்துக்கு முன்னம் வரைக்கும் கண்டியில் எங்கள் ஆட்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த தமிழர். அமெரிக்கா உலகத்துக்குப் பொருளால் உதவுகிறது, இனி ஆன்மீகத்தாலும் உதவவேண்டும் என்பது அவர் அன்றைக்குச் சொன்னதின் சாரம். பிறகு வேர்ஜீனியாவில் எல்லாச் சமயத்துக்கும் பொதுவாகத் தாமரை வடிவில் ஒரு கோயில் கட்டி 1986இல் திறந்தார். அவருடைய மாணவரான டீன் ஓர்னிஷ் என்ற மருத்துவர் யோகத்தையும் மரக்கறிச் சாப்பாட்டையும் இருதய நோயாளிகளிடம் கொண்டுபோனார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. 1991இல் சில முன்னாள் மாணவிகள் சச்சிதானந்தர் மீது பாலியல் குற்றச்சாட்டு வைத்தார்கள், அவர் மறுத்தார். மேற்குக்குப் போன வேறு குருமார் சிலர் மீதும் இப்படி வந்திருக்கிறது, பட்டாபி ஜோயிஸ் மீதும் வந்தது. காவியைக் கண்டதும் கேள்வி கேட்கிறதை விட்டுவிடுகிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. பள்ளிக்கூட மேடையில் இதை விரிக்கத் தேவையில்லை. ஆனால் உம்முடைய பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு, ஆசனம் திருத்துகிறேன் என்று யாரும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்பதை வகுப்பில் சொல்லும். சொல்லவேண்டிய இடம் அது.

தியானத்தின் கதை வேறு விதமாகச் சுற்றிவந்தது. மகரிஷி மகேஷ் யோகி ஐம்பதுகளின் கடைசியில் வெளிக்கிட்டு, ஒரு மந்திரம், காலையும் பின்னேரமும் இருபது நிமிடம் என்று சுருக்கிக் கொடுத்தார். 1968இல் பீட்டில்ஸ் பாட்டுக்காரர் அவரைத் தேடி ரிஷிகேசத்துக்கு வர, பத்திரிகையெல்லாம் அதே கதை. ஆனால் பாட்டுக்காரரைவிட முக்கியமானவர் ஹாவார்ட் இருதய வைத்தியர் ஹேர்பேர்ட் பென்சன். மகரிஷியின் ஆட்களை ஆய்வுகூடத்தில் இருத்தி அளந்து பார்த்தார். மூச்சு குறைகிறது, இருதயத் துடிப்பு குறைகிறது. குறித்த ஒரு மந்திரந்தான் வேண்டும் என்றில்லை, எந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாலும் உடம்பு அப்படித் தளரும் என்று 1975இல் எழுதினார். மந்திரத்தின் தோலை உரித்து மருந்தாக்கியது அங்கேதான்.

அந்த மருந்து எங்களிடம் திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரால் நொந்த சனத்துக்குத் தளர்வுப் பயிற்சி கொடுக்கையில் அவரவர் பழக்கத்தில் இருந்தே எடுக்கவேண்டும் என்றார். சைவருக்கு மந்திர செபம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்கு இறைவன் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கிற ஆனாபானசதி. 2009க்குப் பிறகு வன்னியில் உளவளத்துணைக்காரர் கதிரையைப் போட்டு, கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கோ என்று சொன்னது உமக்கு ஞாபகம் இருக்கும். நானும் அந்தக் கதிரையில் இருந்தவன். அந்த நேரம் எனக்கு இரவில் நித்திரை இல்லை. முதல் கிழமை இது என்ன வெள்ளைக்காரன் வேலை என்று மனதுக்குள் திட்டினேன். மூன்றாம் கிழமை மூச்சோடு சேர்ந்து அஞ்செழுத்து தானாக வந்தது. ஐயா சின்ன வயதில் விபூதி பூசிவிட்டுக் காதுக்குள் சொன்னது. அன்று நாலு மணித்தியாலம் படுத்தேன்.

ஆகவே, அவர்கள் யோகத்தைப் பழுதாக்கிவிட்டார்களா என்று யாராவது கேட்டால் நான் ஆம் என்று சொல்லமாட்டேன். வெட்டித்தான் கொண்டுபோனார்கள். விவேகானந்தர் உடம்பை வெட்டினார், மைசூர்க்காரர் சாமியை வெட்டினார், மகரிஷி நேரத்தை வெட்டினார், பென்சன் மந்திரத்தையே வெட்டினார். வாங்குகிற ஆளின் சாக்கு எவ்வளவோ அவ்வளவுதானே நெல் அளக்கலாம். எங்கள் திருமூலர் மட்டும் எதையும் வெட்டாமல், "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்று இரண்டையும் ஒரே அடிக்குள் வைத்தார். விவேகானந்தரின் ஆலமரத்துக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி அந்த அடிதான். மரம் நின்றால்தானே கிளி வந்து இருக்கும்.

பேச்சுக்கு வாரும். பத்து நிமிடத்துக்கு மேல் பேசவேண்டாம், யூன் மாத வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். வவுனியா வண்டிக் கதையில் தொடங்கும், இரணைமடு ஸ்ரோர் கீப்பரில் முடியும். நடுவில் பத்தமடைப் பாயை ஒரு வசனமாவது சொல்லும். அதிபர் வேறு பெயர் சேர்க்கச் சொன்னால் அளசிங்கப் பெருமாளைச் சேர்க்கலாம்.

பதாகையை இன்னும் அச்சுக்குக் கொடுக்காவிட்டால் நல்லது. நடுவில் வெள்ளைத் தாடியோடு சிரிக்கிறவருக்குக் கீழே யோகானந்தர் என்று போட்டிருக்கிறீர். அது சச்சிதானந்தர். யோகானந்தருக்குத் தோளில் விழுகிற கறுத்த முடி, முகத்தில் தாடியில்லை. படத்தை மாற்றவேண்டாம், பெயரை மாற்றும்.